டி.சி. கொடுத்து அனுப்பிவிட்டால் தீர்ந்துவிடுமா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பல்கலைக்கழக மாணவர் யாராவது கேவலமாக ஏதாவது பேசி, அதை இன்னொருவர் வீடியோ எடுத்துப் போட்டு, அது பரவி, இரண்டே நாளில் ‘மாணவர் நீக்கம்’ என்று செய்தி வந்தால் உடனே இரண்டு அணி உருவாகிவிடுகிறது. ‘பேச்சுரிமை என்று ஒன்று இருக்கிறதே, படிக்கிற பிள்ளையின் எதிர்காலத்தைப் பாழாக்கலாமா’ என்பது ஒரு அணி. ‘இவனையெல்லாம் அன்றைக்கே வெளியே தள்ளியிருக்க வேண்டும், இத்தனை நாள் என்ன செய்துகொண்டிருந்தார்கள்’ என்பது இன்னொன்று. உங்கள் வாசகர் பக்கத்திலும் இந்த இரண்டு குரலும்தான் மாறி மாறிக் கேட்கின்றன. இரண்டு அணியும் பேசுவது பேசியவனைப் பற்றி மட்டுமே. அந்தப் பேச்சு யார் மேல் விழுந்ததோ அவர் மறுநாள் வகுப்புக்குப் போனாரா, போனால் எந்த பெஞ்சில் உட்கார்ந்தார், பக்கத்தில் யாராவது உட்கார்ந்தார்களா என்று ஒருவரும் கேட்பதில்லை. அதனால்தான் இந்தக் கடிதம். கொஞ்சம் நீளமாகத்தான் வரும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

கல்லூரியில் பாடம் நடத்தி ஓய்வு பெற்றவன் நான். பல ஆண்டுகள் ஒழுங்கு நடவடிக்கைக் குழுவிலும் இருந்திருக்கிறேன். அங்கே உட்கார்ந்து பார்த்த வரையில் எனக்குப் பட்டதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கல்வி நிறுவனங்கள் மாணவர்களைத் தண்டிப்பது பெரும்பாலும் தங்கள் பெயரைக் காப்பாற்றிக்கொள்ளத்தான். விஷயம் வெளியே தெரிந்துவிட்டால் தண்டனை கடுமையாக, அவசரமாக வருகிறது. தெரியாவிட்டால் எவ்வளவு மோசமான காரியமானாலும் ‘பசங்க விளையாட்டு’ என்று மூடிவிடுகிறார்கள். செய்த காரியத்தின் கனத்துக்கும் கிடைக்கிற தண்டனைக்கும் சம்பந்தமே இருப்பதில்லை. இதைச் சரிசெய்யாமல் பேச்சுரிமையா தண்டனையா என்று பட்டிமன்றம் நடத்திக்கொண்டிருப்பதில் யாருக்கும் பயனில்லை.

அமெரிக்காவில் இந்த விவகாரம் பல பத்தாண்டுகளாக நீதிமன்றம் வரை போய் அலசப்பட்டிருப்பதால் அங்கிருந்தே தொடங்குகிறேன். ஓக்லஹோமா பல்கலைக்கழகத்தில் 2015 மார்ச்சில் ஒரு வீடியோ வெளியானது. சிக்மா ஆல்ஃபா எப்சிலன் என்ற ‘ஃப்ரடர்னிட்டி’யை, அதாவது ஆண் மாணவர்கள் சேர்ந்து தங்கிப் பழகும் சங்கத்தைச் சேர்ந்த வெள்ளையின மாணவர்கள் ஒரு விருந்துக்குப் பேருந்தில் போகும்போது கைதட்டிப் பாடுகிறார்கள். கறுப்பினத்தவர் ஒருவரையும் தங்கள் சங்கத்தில் ஒருநாளும் சேர்க்க மாட்டோம் என்பது பாட்டின் சாரம், நடுவில் அவர்களை மரத்தில் தொங்கவிடுவது பற்றி ஒரு வரி. அந்த நாட்டில் மரத்தில் தொங்கவிடுவது என்பது வாய்க்கு வந்த வசவு கிடையாது. ஆயிரக்கணக்கான கறுப்பினத்தவரைக் கும்பல் கூடிக் கொன்ற வரலாறு அந்த ஒரு வரிக்குப் பின்னால் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை வீடியோ வெளியானது, செவ்வாய்க்கிழமை இரண்டு மாணவர்களை நீக்கினார் பல்கலைக்கழகத் தலைவர் டேவிட் போரன். சங்கத்தின் விடுதியை மூடி, உள்ளே இருந்தவர்களைக் காலிசெய்யச் சொன்னார். நாடு முழுக்கப் பாராட்டு. அரசியலமைப்பின் பேச்சுரிமைக்குக் கட்டுப்பட்ட அரசுப் பல்கலைக்கழகம் என்பதால் இந்த நீக்கம் நீதிமன்றத்தில் நிற்காது என்று சட்ட அறிஞர்கள் பலர் சொன்னார்கள், அது பெரிதாக யார் காதிலும் விழவில்லை.

பிறகு வந்ததுதான் கவனிக்க வேண்டியது. பல்கலைக்கழகமே விசாரித்தது. அந்தப் பாட்டை அவர்கள் கற்றுக்கொண்டது நான்கு ஆண்டுகளுக்கு முன், அதே சங்கத்தின் தேசியத் தலைமை தலைமைப் பண்புப் பயிற்சிக்காக நடத்திய ஒரு கப்பல் பயணத்தில் என்று தெரிந்தது. அங்கிருந்து வந்த பாட்டு, புதிதாகச் சேருகிறவர்களுக்கு முறையாகச் சொல்லிக்கொடுக்கப்பட்டிருக்கிறது. நான்கு ஆண்டுகள்! எத்தனை பேர் பாடியிருப்பார்கள், எத்தனை பேர் கேட்டுவிட்டுச் சும்மா இருந்திருப்பார்கள்? வீடியோவில் முகம் தெரிந்த இரண்டு பேரை இரண்டு நாளில் அனுப்பியதோடு நின்றிருந்தால் இது எதுவும் தெரியவே வந்திருக்காது. விசாரணைக்குப் பிறகு இரண்டு டஜனுக்கும் மேற்பட்ட மாணவர்கள் மேல் ஏதோ ஒரு வகையில் நடவடிக்கை வந்தது. முதலில் செய்திருக்க வேண்டியது அந்த விசாரணையைத்தான். இன்னொன்றும் சொல்ல வேண்டும், அந்த வீடியோவை வெளியே கொண்டுவந்ததே அங்கு படித்த கறுப்பின மாணவர்களின் அமைப்பு. தங்கள் குறைகளை அவர்கள் அதற்கு முன்பே நிர்வாகத்திடம் சொல்லத் தொடங்கியிருந்தார்கள். குறையைச் சொன்னபோது வராத வேகம் வீடியோ வந்ததும் வந்தது.

நீக்கப்பட்ட ஒரு மாணவரின் குடும்பம் மிரட்டல் அழைப்புகளால் தங்கள் சொந்த வீட்டில் இருக்க முடியாமல் போனது. இன்னொருவர் கறுப்பினத் தலைவர்களை நேரில் சந்தித்துப் பேசிவிட்டு, அவர்கள் பக்கத்தில் நிற்க, பொதுவில் மன்னிப்புக் கேட்டார். இந்த இரண்டையும் நான் எடைபோட்டுப் பார்க்கிறேன். முதலாவதால் எந்தக் கறுப்பின மாணவருக்கு என்ன கிடைத்தது? ஒன்றுமில்லை. இரண்டாவதில் ஏதோ ஒன்று கிடைத்திருக்கலாம், குறைந்தபட்சம் அந்த இளைஞன் தான் பாடியதற்கு அர்த்தம் என்ன என்பதைப் பாதிக்கப்பட்டவர்கள் வாயாலேயே கேட்டிருப்பான். ஆனால் அந்தச் சந்திப்பு நடந்தபோது அவன் பல்கலைக்கழகத்தில் இல்லை.

சரி, இனி என் கண்முன் நடந்த ஒன்று. ஊர், கல்லூரி, பெயர் எதுவும் வேண்டாம். இரண்டாம் ஆண்டு மாணவி ஒருவர். வகுப்புக்கென்று ஒரு வாட்ஸ்அப் குரூப், லேப் நேரம், அசைன்மென்ட் தேதி, அறை மாற்றம் எல்லாம் அதில்தான் வரும். அவருடைய படத்தை யாரோ எடுத்து, நிறத்தையும் சாதியையும் சேர்த்துக் கிண்டலடித்து ஒரு ஸ்டிக்கர் ஆக்கிவிட்டார்கள். ‘நாளைக்கு லேப் எத்தனை மணிக்கு?’ என்று அவர் கேட்டால் பதிலுக்கு அந்த ஸ்டிக்கர் வரும். ஒன்று வந்ததும் பின்னாலேயே ஐந்தாறு பேர் அதையே போடுவார்கள். யாரும் ஒரு வார்த்தை எழுத மாட்டார்கள், ஸ்டிக்கர் மட்டும். அவர் கேள்வி கேட்பதை நிறுத்தினார். அப்புறம் குரூப்பை விட்டே வெளியேறினார். இன்டர்னல் தேர்வு நடக்கும் அறை மாறிய விஷயம் குரூப்பில் மட்டும் அறிவிக்கப்பட்டதால் அவருக்குத் தெரியாமல் போனது. பழைய அறைக்குப் போய், ஆளில்லாததைப் பார்த்து, தேடிக்கொண்டு வந்தபோது அரை மணி நேரம் கடந்துவிட்டதாம், உள்ளே விடவில்லை. ஏன் தாமதம் என்று விசாரித்தபோதுதான் எல்லாமே தெரியவந்தது.

குழு முன்னால் வரும்போது ஸ்கிரீன்ஷாட்டுகளைப் பிரின்ட் எடுத்து, தேதிவாரியாக அடுக்கி, ஸ்டேப்ளர் அடித்துக் கொண்டுவந்திருந்தார். அவரிடம் கேட்கப்பட்ட முதல் கேள்வி என்ன தெரியுமா? ‘இதை வெளியில யாருக்காவது அனுப்பியிருக்கியாம்மா?’ யார் செய்தது, எத்தனை நாளாக நடக்கிறது, உனக்கு என்ன வேண்டும் என்பதெல்லாம் அதற்கப்புறம்தான். நானும் இன்னொரு ஆசிரியையும் அந்தக் கேள்விக்கு ஆட்சேபம் சொன்னோம், கூட்டக் குறிப்பில் அது ஏறவில்லை. இரண்டு மாணவர்களிடம் பெற்றோரைக் கூட்டிவரச் சொன்னார்கள். அதில் ஒரு தகப்பனார் காலையிலிருந்து வராந்தாவில் நின்றுகொண்டே இருந்தார், உட்காருங்கள் என்று சொன்னால்கூட உட்காரவில்லை. கடைசியில் மன்னிப்புக் கடிதம் எழுதி வாங்கினார்கள். அந்தக் கடிதம் முதல்வருக்கு எழுதப்பட்டது. ‘கல்லூரியின் நற்பெயருக்குக் களங்கம் ஏற்படும் வகையில் நடந்துகொண்டதற்காக’ என்று ஆரம்பித்து, இனி இப்படி நடக்காது என்று முடிந்தது. அந்தப் பெண்ணின் பெயர் அதில் ஒரு இடத்திலும் இல்லை. தவறவிட்ட தேர்வைத் திரும்ப எழுத அனுமதி கேட்டார், விதியில் இடமில்லை என்று சொல்லிவிட்டார்கள்.

அந்த ஸ்டிக்கர் வெளியே பரவியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? சந்தேகமே வேண்டாம், இரண்டு பேருக்கும் அன்றைக்கே டி.சி. கிழிந்திருக்கும். செய்த தப்பு அதேதான், ஒரு எழுத்துகூட மாறவில்லை. மாறியிருக்கக்கூடியது எத்தனை பேர் பார்த்தார்கள் என்பது மட்டும்தான்.

இதை நான் சொன்னதும் ‘அப்படியானால் கடுமையான விதி போட்டு எல்லாவற்றையும் தண்டியுங்கள் என்கிறீர்களா’ என்று கேட்பார்கள். இல்லை. இங்கேதான் பேச்சுரிமைக்காரர்கள் சொல்வதில் உண்மை இருக்கிறது, அதை நான் முழுமனதாக ஏற்கிறேன். ‘மனம் புண்படும்படி’, ‘ஒழுங்கீனமாக’, ‘நற்பெயருக்குக் களங்கமாக’ என்று தெளிவில்லாமல் எழுதிவைத்த விதிகள் கடைசியில் யார் மேல் பாயும் என்றால், அதிகாரத்தில் இருப்பவர்களுக்குப் பிடிக்காததைப் பேசுகிறவர்கள் மேல்தான். மிச்சிகன் பல்கலைக்கழகம் இனவெறிச் சம்பவங்கள் சில நடந்த பிறகு 1988இல் நல்ல எண்ணத்தோடுதான் ஒரு விதி கொண்டுவந்தது. இனம், பாலினம் போன்றவற்றின் பேரில் ஒருவரை இழிவுபடுத்தும் பேச்சுக்குத் தண்டனை. உயிரியல் சார்ந்த உளவியல் படித்த ஒரு ஆய்வு மாணவர், ஆண் பெண் வேறுபாடு பற்றி வகுப்பில் விவாதித்தால்கூட மாட்டிக்கொள்வேனோ என்று பயந்து வழக்குப் போட்டார். வெறுமனே மனதைப் புண்படுத்தும் பேச்சையும் விதி தடுக்கும் பேச்சையும் எப்படிப் பிரிப்பீர்கள் என்று நீதிபதி கேட்டதற்குப் பல்கலைக்கழகத்தின் வழக்கறிஞர் சொன்ன பதில், ‘மிகக் கவனமாக’. 1989இல் அந்த விதியை நீதிமன்றம் செல்லாததாக்கியது. தடுக்கப்படுவது எது என்று விதியை எழுதியவர்களாலேயே சொல்ல முடியவில்லை என்றால் பத்தொன்பது வயது மாணவனுக்கு எப்படித் தெரியும்?

நம் நாட்டிலும் இதே கதைதான். தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66ஏ பிரிவு நினைவிருக்கும். மிகவும் புண்படுத்துவது, எரிச்சலூட்டுவது, அசௌகரியம் தருவது என்ற சொற்களை வைத்துக்கொண்டு ஆட்களைக் கைதுசெய்தார்கள். 2012இல் மகாராஷ்டிரத்தில் ஒரு ஃபேஸ்புக் பதிவுக்காக இரண்டு இளம்பெண்கள் கைதானார்கள். அதையடுத்து வழக்குப் போட்டவர் ஷ்ரேயா சிங்கால், அப்போது அவருக்கும் மாணவ வயதுதான். 2015 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் அந்தப் பிரிவையே தூக்கி எறிந்தது. ஒரு கருத்தை விவாதிப்பது, அதற்காக வாதாடுவது, குற்றத்துக்குத் தூண்டுவது என்று மூன்றாகப் பிரித்து, மூன்றாவது நிலைக்குப் போகும்போதுதான் அரசு கை வைக்கலாம் என்று சொன்னது. அரசியலமைப்புச் சட்டத்தின் 19(2) பிரிவைப் படித்துப் பாருங்கள். நாட்டின் இறையாண்மை, பாதுகாப்பு, பொது ஒழுங்கு, கண்ணியம், அவதூறு, குற்றத்துக்குத் தூண்டுதல் என்று பேச்சுரிமைக்கு என்னென்ன காரணங்களுக்காக வரம்பு போடலாம் என்று வரிசையாக இருக்கிறது. யாருக்கோ மனம் புண்பட்டது என்பது அந்த வரிசையில் இல்லை. கல்லூரியின் நற்பெயரும் இல்லை.

அந்தத் தீர்ப்பு வந்த இரண்டே மாதத்தில், 2015 மே மாதம், சென்னை ஐஐடி அம்பேத்கர் பெரியார் படிப்பு வட்டம் என்ற மாணவர் அமைப்பின் அங்கீகாரத்தை ரத்து செய்தது. பெயர் போடாத ஒரு புகாரை மத்திய அமைச்சகம் அனுப்பிவைத்ததுதான் தொடக்கம். எதிர்ப்பு கிளம்பியதும் ஜூனில் அங்கீகாரம் திரும்ப வந்தது. புண்படுத்துகிறார்கள் என்ற ஆயுதத்தை நிர்வாகத்தின் கையில் கொடுத்துவைத்தால் சாதியை எதிர்த்துப் பேசுகிறவர்கள்தான் முதலில் அடிபடுவார்கள். சாதிக் கிண்டலுக்கு எதிராக விதி கேட்கிறவர்கள் இதை மறக்கக் கூடாது என்று உரிமையோடு கேட்டுக்கொள்கிறேன், ஏனென்றால் நானும் அவர்களில் ஒருவன்.

இன்னும் பின்னால் போனால் 1960இல் அலபாமா. வெள்ளையருக்கு மட்டும் என்றிருந்த நீதிமன்றக் கட்டட உணவகத்தில் கறுப்பினக் கல்லூரி மாணவர்கள் சிலர் போய் உட்கார்ந்து தங்களுக்கும் பரிமாறச் சொன்னார்கள். அன்றைய ஆட்சியாளர்களுக்கு அதைவிட அவமதிப்பான நடத்தை வேறில்லை. கல்லூரி ஒரு விசாரணையும் இல்லாமல் மாணவர்களை நீக்கியது. அரசுப் பணத்தில் நடக்கும் கல்லூரி ஒருவரை நீக்குவதற்கு முன் என்ன குற்றச்சாட்டு என்று சொல்ல வேண்டும், அவர் தரப்பைக் கேட்க வேண்டும் என்று 1961இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. டிக்சன் வழக்கு என்பார்கள். இன்றைக்கு இனவெறிப் பாட்டுப் பாடிய மாணவனுக்கும் ‘என் தரப்பைக் கேளுங்கள்’ என்று சொல்லும் உரிமை இருக்கிறதென்றால், அந்த உரிமையை அங்கே வாங்கிக் கொடுத்தவர்கள் இனவெறிக்கு எதிராக உட்கார்ந்த மாணவர்கள். நம் சட்டத்தில் இதைத்தான் இயற்கை நீதி என்கிறோம். விசாரித்துத் தண்டியுங்கள் என்று நான் சொன்னால் உடனே ‘குற்றவாளிக்குப் பரிந்து பேசுகிறார்’ என்கிறவர்கள் இந்த வழக்கைக் கொஞ்சம் யோசித்துப் பார்க்க வேண்டும்.

அப்படியானால் கோடு எங்கே? என் பார்வையில் அது அவ்வளவு குழப்பமான விஷயம் இல்லை. கருத்து எவ்வளவு கசப்பாக இருந்தாலும் அது பொதுவில் வைக்கப்படும் கருத்தாக இருக்கும்வரை பேசவிட வேண்டும். 1973இல் மிசூரி பல்கலைக்கழக வழக்கில், மிக ஆபாசமான ஒரு கேலிச்சித்திரம் வந்த பத்திரிகையை வளாகத்தில் விநியோகித்த மாணவியை நீக்கியது செல்லாது என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் சொன்னது. நாகரிகம் என்ற ஒரே காரணத்தைச் சொல்லிக் கருத்துப் பரவலை அடைக்க முடியாது என்றது. அதே நீதிமன்றம் 1999இல், சக மாணவனின் பாலியல் தொல்லைக்கு ஆளான ஒரு பள்ளி மாணவியின் வழக்கில் இன்னொரு அளவுகோலைச் சொன்னது. தொல்லை கடுமையானதாக, தொடர்ந்து பரவலாக நடப்பதாக, யார் பார்த்தாலும் தாங்க முடியாததாக இருந்து, அதனால் அவருக்குக் கல்வியே கிடைக்காமல் போகுமானால், தெரிந்தும் கண்டுகொள்ளாமல் இருந்த நிறுவனம் பதில் சொல்லியாக வேண்டும். இரண்டு தீர்ப்பையும் சேர்த்துப் படித்தால் கோடு தெரிகிறது. இத்தனைக்கும் பேச்சுரிமைக்குப் பெரிய சாசனம் என்று கொண்டாடப்படும் சிகாகோ பல்கலைக்கழகத்தின் 2015ஆம் ஆண்டு அறிக்கைகூட மிரட்டல், அவதூறு, துன்புறுத்தல், அந்தரங்கத்தில் அத்துமீறுவது இவற்றைப் பேச்சுரிமைக்குள் சேர்க்கவில்லை.

நமக்குப் பழகிய உதாரணத்தில் சொல்கிறேன். இட ஒதுக்கீடே கூடாது என்று ஒரு மாணவன் மேடையேறி வாதாடுகிறான். எனக்கு அதில் கொஞ்சமும் உடன்பாடில்லை, கேட்டால் கோபம்கூட வரும். ஆனாலும் பேசட்டும், எதிர்த்துப் பேச ஆள் இருக்கிறார்கள், அரங்கம் இருக்கிறது. அதே மாணவன் விடுதியில் ஒரு குறிப்பிட்ட மாணவனின் அறைக் கதவைத் தட்டி ‘உன் ரேங்க் என்ன, எந்தக் கோட்டாவில் வந்தாய்’ என்று கேட்கிறான். மறுநாள் மெஸ்ஸில் கேட்கிறான். லேப்பில் பார்ட்னராக வரமாட்டேன் என்கிறான், மற்றவர்களையும் வரவிடாமல் செய்கிறான். மேடையில் பேசியதில் இருந்ததைவிட மென்மையான சொற்களைத்தான் அவன் பயன்படுத்துகிறான் என்றே வைத்துக்கொள்வோம். இருந்தாலும் இது தண்டனைக்குரியது. ஏனென்றால் முதலாவதைக் கேட்டுவிட்டு ஒருவர் எழுந்து பதில் சொல்லலாம், பிடிக்காவிட்டால் எழுந்து போகலாம். இரண்டாவதிலிருந்து அந்த மாணவன் எங்கே போவான்? அவன் தூங்குவதும் சாப்பிடுவதும் படிப்பதும் அதே இடத்தில்தான். இதற்குப் புதிதாகச் சட்டம் எதுவும் தேவையில்லை. 1989ஆம் ஆண்டின் வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் இருக்கிறது, பல்கலைக்கழக மானியக் குழுவின் 2009ஆம் ஆண்டு ராகிங் தடுப்பு விதிமுறைகள் இருக்கின்றன, பாகுபாட்டுக்கு எதிரான 2012ஆம் ஆண்டு விதிமுறைகளும் வந்தன. தமிழ்நாட்டில் 1996இல் ஒரு மருத்துவ மாணவர் கொல்லப்பட்ட பிறகு 1997இல் ராகிங்குக்கு எதிராகத் தனிச் சட்டமே வந்துவிட்டது. சட்டம் போதவில்லை என்று யாரும் சொல்ல முடியாது. புகார் கொடுத்தவரை உட்காரவைத்து முழுசாகக் கேட்கிற பழக்கம்தான் இல்லை.

தண்டனை என்றதும் ஏன் எல்லோருக்கும் நீக்கம் ஒன்றுதான் நினைவுக்கு வருகிறது என்பது எனக்குப் புரியவில்லை. நீக்கினால் அவன் வேறு கல்லூரிக்குப் போவான், அங்கேயும் ஒரு வாட்ஸ்அப் குரூப் இருக்கும். உடல் ரீதியான மிரட்டல், திரும்பத் திரும்ப எச்சரித்தும் நிறுத்தாமல் ஒருவரைத் துரத்துவது, இப்படிப்பட்டவற்றுக்கு நீக்கம் வேண்டும்தான், அதில் எனக்குத் தயக்கமில்லை. மற்றபடி இடையில் எவ்வளவோ இருக்கின்றன. விடுதியை மாற்றலாம், ஒரு செமஸ்டர் நிறுத்திவைக்கலாம், சங்கப் பொறுப்பிலிருந்து எடுக்கலாம், பாதிக்கப்பட்டவர் விரும்பினால் மட்டும், அவர் முன்னால், அவர் பெயர் சொல்லி, என்ன செய்தேன் என்று விவரமாகச் சொல்லி மன்னிப்புக் கேட்க வைக்கலாம். அவர் விரும்பாவிட்டால் கட்டாயப்படுத்தக் கூடாது, ‘மன்னித்துவிட்டேன்’ என்று எழுதி வாங்குகிற வேலையும் கூடாது. இவற்றுக்கெல்லாம் முன்னதாக, தவறிப்போன தேர்வைத் திரும்ப வைக்க வேண்டும், போன அட்டெண்டன்ஸைத் திருப்பித் தர வேண்டும். இது தண்டனைக் கணக்கிலேயே வராது, ஆனால் முதலில் செய்ய வேண்டியது இதுதான்.

சட்டத்துக்குள் வராத விளைவுகளும் உண்டு. ஒருவன் கேவலமாகப் பேசினால் நண்பர்கள் விலகுவார்கள், ஆசிரியர் வகுப்பிலேயே ‘இது தவறு’ என்று சொல்வார், பல்கலைக்கழகம் ‘இது எங்கள் நிலைப்பாடு இல்லை’ என்று அறிக்கை விடும். பேச்சுரிமை என்றால் பதில் பேச்சே வரக் கூடாது என்று சிலர் நினைக்கிறார்கள். அப்படி ஒரு உரிமை எங்கும் கிடையாது. பதில் சொல்வதும் பேச்சுரிமைதான். தனியார் பல்கலைக்கழகங்களுக்கு அமெரிக்காவில் இன்னும் கொஞ்சம் தாராளம். அந்நாட்டு அரசியலமைப்பின் பேச்சுரிமைப் பிரிவு அரசு நிறுவனங்களைத்தான் கட்டுப்படுத்தும் என்பதால் ஹார்வர்டு 2017இல், சேர்க்கை கிடைத்த பத்து மாணவர்களாவது ஒரு தனிக் குரூப்பில் அருவருப்பான மீம்கள் போட்டதற்காக அவர்களின் சேர்க்கையைத் திரும்பப் பெற்றது. சட்டப்படி சரி. ஆனால் சட்டம் தடுக்கவில்லை என்பதாலேயே விசாரிக்காமல் செய்யலாம் என்று ஆகிவிடாது, தனியார் கல்லூரி நடத்துகிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

முகம் தெரியாத கூட்டம் ஒன்று மாணவனின் வீட்டு முகவரியைத் தேடி எடுத்து, அம்மாவுக்குப் போன் போட்டு ஆபாசமாகத் திட்டி, வேலை கொடுக்க இருந்த கம்பெனிக்கு மெயில் அனுப்புகிறதே, அதை ‘விளைவு’ என்ற கணக்கில் சேர்க்க நான் தயாராக இல்லை. அது அவன் செய்த காரியத்தின் இன்னொரு வடிவம். அதில் இறங்குகிறவர்களில் எத்தனை பேருக்குப் பாதிக்கப்பட்ட மாணவியின் மேல் உண்மையான அக்கறை இருக்கிறது? வீடியோ பழசானதும் போய்விடுவார்கள். அந்தப் பெண் அங்கேயேதான் இன்னும் இரண்டு ஆண்டு படித்தாக வேண்டும், அதுவும் ‘இவளால்தான் நம் பையன் போனான்’ என்று முணுமுணுக்கிற வகுப்புத் தோழர்களுக்கு நடுவில். அவசரமாக, விசாரிக்காமல், கூட்டத்துக்குப் பயந்து ஒருவனை வெளியே அனுப்பினால் அந்தப் பழியும் கடைசியில் புகார் கொடுத்தவர் தலையில்தான் வந்து விழுகிறது. முறையாக விசாரித்து, இன்னது நடந்தது, இதற்கு இது தண்டனை என்று எழுத்தில் கொடுத்திருந்தால் முணுமுணுப்பவர்களிடம் அவர் அந்தக் காகிதத்தையாவது காட்டலாம்.

அதனால் உங்கள் பத்திரிகையிடம் சில வேண்டுகோள்கள். மாணவர் நீக்கம், இடைநீக்கம் என்று செய்தி வரும்போது நிர்வாகம் தரும் அறிக்கையை அப்படியே போடாமல் நிருபரை நான்கு கேள்வி கேட்கச் சொல்லுங்கள். நோட்டீஸ் கொடுத்தார்களா, எத்தனை நாள் அவகாசம் தந்தார்கள்? குழுவில் யார் யார் இருந்தார்கள், வெளியாள் யாராவது உண்டா? இந்தப் புகார் முதலில் எப்போது வந்தது, அப்போது என்ன செய்தார்கள்? புகார் கொடுத்தவர் இப்போது வகுப்புக்கு வருகிறாரா? பத்தொன்பது, இருபது வயதுப் பிள்ளைகளின் முகத்தையும் பெயரையும் போட வேண்டாம், செய்தவனுடையதும் வேண்டாம், பட்டவருடையதும் வேண்டாம். அப்புறம், மூன்று மாதம் கழித்து அதே கல்லூரிக்கு ஒருமுறை போன் செய்து கேளுங்கள், பதில் எதுவானாலும் அதையும் ஒரு செய்தியாகப் போடுங்கள். முதல் நாள் செய்திக்குக் கொடுத்த அளவு இடம் கொடுக்க முடியாவிட்டாலும் பரவாயில்லை, நாலு வரி போதும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கல்லூரி ஆசிரியர் ஒருவர்